சிணுங்கி அக்காவின் இரட்டைக் கீறல்

பட்டறையில் அவளைச் சிணுங்கி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முழுப் பட்டம் தொட்டாச்சிணுங்கி. வேலை மும்முரத்தில் முன்பாதி உதிர்ந்துபோய்ப் பின்பாதி மட்டும் நிலைத்துவிட்டது. சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் பேட்டரிச் செல் ஒவ்வொன்றையும் அவள் புறங்கையால் தொட்டுப் பார்ப்பாள். பக்கத்துச் செல்லைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சூடு தெரிந்தால் போதும், கை வெடுக்கென்று சுருங்கிக்கொள்ளும். அந்தச் சுருக்கத்தைப் பார்த்துத்தான் பெயர் வைத்தார்கள். வைத்தவர் அங்கே பேட்டரி உரிக்கிற உரிகாரர்.

பழைய லேப்டாப்புகளிலிருந்தும் ஓடி ஓய்ந்த மின்சார வண்டிகளிலிருந்தும் கழற்றிய பேட்டரிகள் பட்டறைக்கு மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். அவற்றின் ஓட்டைப் பிளந்து, உள்ளே வரிசையாக ஒட்டிக்கிடக்கும் விரல் பருமனுள்ள உருளைச் செல்களைக் குறடால் பிய்த்தெடுப்பது உரிகாரரின் வேலை. எது பிழைக்கும், எது பிழைக்காது என்று பார்ப்பது அவளுடைய வேலை. மீட்டரை வைத்தவுடன் இரண்டு வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் மேற்கொண்டு பேச்சே இல்லை, தள்ளுபடி. மற்றவற்றை முழுதாகச் சார்ஜ் ஏற்றி, தட்டில் அடுக்கி, சில வாரங்கள் சும்மா போட்டு வைப்பாள். பிறகு மறுபடி மீட்டர். நல்ல செல் கிடந்தாலும் பிடித்து வைத்துக்கொள்ளும். உள்ளே கோளாறு உள்ளது யாரும் தொடாமலே வற்றிக்கொண்டு வரும். அவளுக்குச் செத்த செல்லைக் கண்டு பயமில்லை. உயிரோடு இருப்பதுபோல் நடிக்கிற செல்தான் பயம்.

தள்ளுபடியானவற்றின் அடியில், அந்தத் தட்டையான இரும்பு வட்டத்தில், ஆணியால் இரண்டு கீறல் போடுவாள். மையால் குறி போட்டால் அழிந்துவிடுகிறது. கீறிவிட்டு, மணல் நிரப்பிய இரும்பு டிரம்மில் போடுவாள். டிரம் நிறைந்தால் முதலாளி யாரையோ அழைத்து ஏற்றி அனுப்புவார். உருக்குகிற ஆலைக்குப் போகிறது என்று கேள்வி.

அவள் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் உரிகாரரும் அவளும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். அவர் தன் மாமியாரைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே குறடை அழுத்தினார். குறடு வழுக்கிச் செல்லுக்குள் இறங்கியது. ஸ்ஸ் என்று பாம்பு சீறுவதுபோல ஒரு சத்தம், அடுத்த கணம் அவர் உள்ளங்கையிலிருந்து ஒரு முழ நீளத்துக்கு நெருப்பு பீறிட்டது. பழுத்த பழமும் நகப்பூச்சும் கலந்த ஒரு தித்திப்பு நெடி அறையெங்கும் பரவியது. அவர் கத்தவில்லை, கையை உதறத் தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பல மாதம் கழித்து இரண்டு விரல் மடங்காமல் திரும்பி வந்தார். "இனிமே என் மாமியாரைப் பத்தி வாயே திறக்க மாட்டேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளால் சிரிக்க முடியவில்லை. அந்தச் சீறல் அவள் காதுக்குள் குடியேறிவிட்டது.

வீட்டுக்கும் அந்தப் பயம் கூடவே வந்தது. தலையணைக்குப் பக்கத்தில் போனைச் சார்ஜ் போட்டால் பிடுங்கிவிடுவாள். குக்கர் ஆவி விட்டாலும் திடுக்கிடுவாள். வீட்டின் முன்னறையில் மெஷின் போட்டுத் தைக்கிற அவள் கணவர் நெற்றியை நீட்டி, "இதையும் தொட்டுப் பாரு, சார்ஜ் இறங்கிடுச்சான்னு" என்பார். மகள் பிரசவத்துக்கு வந்து, கைக்குழந்தையோடு இங்கேயே தங்கிய பிறகு பயம் இரட்டிப்பாயிற்று. கூடவே வந்து தங்கிய மருமகன் மின்சார ஸ்கூட்டரில் வீடு வீடாகப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கிறவன். பேட்டரியை மூன்றாம் மாடிக்குக் கொண்டுவரவே கூடாது, கீழே படிக்கட்டடியில்தான் சார்ஜ் போட வேண்டும் என்று அவள் கறாராகச் சொல்லியிருந்தாள். அவனும் தட்டாமல் கேட்டான்.

ஒருநாள் பட்டறையில் கரண்ட் போய்விட்டது; மதியமே அனுப்பிவிட்டார்கள். காலையில் பெய்த மழையில் படிக்கட்டடி முழுக்கத் தண்ணீர் தேங்கியிருந்தது. அதைத் தாண்டி மாடியேறி வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். கதவுக்குப் பக்கத்தில், செருப்பு அடுக்குகிற இடத்தில், நீல உறை போட்ட ஒரு பேட்டரி சார்ஜில் கிடந்தது. அவள் அதுவரை பார்த்திராத பேட்டரி.

"என்னங்க, இது ஏது?"

"மாப்பிள்ளை புதுசா வாங்கியிருக்கார். பழசு பாதி நாளுக்குக்கூட நிக்கலையாம்." கணவர் துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கீழே ஒரே தண்ணி. நான்தான் இங்க போடச் சொன்னேன்."

அவள் குனிந்து புறங்கையை வைத்தாள். நடுவில் வெதுவெதுப்பு. இடப்பக்க மூலைக்குப் போனதும் கை தானாகச் சுருங்கியது. சுவிட்சை அணைத்து ஒயரைப் பிடுங்கினாள்.

"ஒரு மூலை மட்டும் கொதிக்குதுங்க."

"சார்ஜ் போட்டா சூடாகத்தான் செய்யும். என் இஸ்திரிப்பெட்டியைத் தொட்டுப் பாரேன். அதையும் வெளியே தூக்கிப் போட்டுடுவியா?"

அவள் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். சார்ஜ் நின்றால் சூடு இறங்க வேண்டும். கொஞ்சம் பொறுத்து மறுபடி கை வைத்தாள். இறங்கவில்லை. ஏறியிருந்தது. குனிந்தபோது மூக்கில் ஏதோ தட்டியது. லேசாக, மிக லேசாக, பழுத்த பழ வாசனை. வீட்டில் பழம் எதுவும் இல்லை.

 உள்ளறையில் மருமகன் காலை வேலை முடிந்த அசதியில் தூங்கிக்கொண்டிருந்தான். மகள் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு இருப்பது ஒரே கதவு. அந்தக் கதவுக்குப் பக்கத்தில்தான் இது கிடக்கிறது. வெடித்தால் வழியை அடைத்துக்கொண்டு வெடிக்கும். ஒன்றுமில்லாமல் போனால் ஆயுசுக்கும் கேலி. இந்த இரண்டாவது நினைப்பு வந்ததற்காக அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

"எல்லாரும் வெளியே போங்க" என்றாள். யாரும் எழவில்லை. மறுபடி சொன்னபோது அது அலறலாக வந்தது. "குழந்தையைத் தூக்கிட்டுக் கீழே ஓடு! எதையும் எடுக்காதே!"

மகள் பயந்துபோய் அப்படியே எழுந்து வந்தாள். பேட்டரியைக் கடக்கும்போது குழந்தையின் முகத்தை மார்போடு அழுத்தி மூடிக்கொண்டாள். அவள் பின்னால் கணவர், தோளில் அளவு நாடாவும் கையில் கத்தரிக்கோலுமாக. மருமகன் தூக்கக் கலக்கத்தோடு வந்து பேட்டரியைத் தூக்கக் குனிந்தான்.

"தொடாதீங்க மாப்பிள்ளை!"

"நான் கொண்டுபோறேன் அத்தை, நீங்க..."

"உங்களுக்கு எந்தப் பக்கம் பிடிக்கணும்னு தெரியாது. முன்னால ஓடி வழியை விலக்குங்க. எதிர்ல யாரும் ஏறி வரக்கூடாது."

வெந்நீர் காய்ச்சும் பெரிய அலுமினியக் குண்டானை எடுத்து வந்தாள். ஈரத் துண்டைக் கையில் சுற்றி, குளிர்ந்த பக்கமாகப் பிடித்துப் பேட்டரியை அதற்குள் இறக்கினாள். மூடியைச் சாய்த்து வைத்தாள். தூக்கினாள்.

படிக்கட்டு குறுகல், மழை ஈரம் வேறு. ஒரு படிக்கு இரண்டு காலையும் ஊன்றி, கல்யாணப் பெண் மாதிரி இறங்க வேண்டியிருந்தது. ஓடினால் வழுக்கும், வழுக்கினால் முடிந்தது. இரண்டாம் மாடித் திருப்பத்தில் குண்டானுக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது. ஸ்ஸ். வருஷக்கணக்காகக் காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் என்பதால், நிஜமாகவே கேட்கிறதா என்று ஒரு கணம் அவளுக்குச் சந்தேகம். துண்டையும் மீறி விரலில் சூடு ஏறியபோது சந்தேகம் தீர்ந்தது. கீழே போட்டுவிட்டு ஓடலாம். கீழ்ப்படியில் மகளின் காலடிச் சத்தம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. போட்டால் உருண்டு அவள் முதுகுக்குத்தான் போகும்.

"வேகமாப் போடி! திரும்பிப் பார்க்காதே!"

முதல் மாடிக்காரம்மா காய்கறிப் பையோடு ஏறி வந்துகொண்டிருந்தார். மருமகன் அவரைக் கட்டிப்பிடிக்காத குறையாகச் சுவரோடு ஒதுக்கினான். அந்தம்மா திட்ட வாயெடுத்தார். மூடியின் இடுக்கிலிருந்து வெள்ளைப் புகை நூலாய்க் கிளம்புவதைப் பார்த்ததும் பையை விட்டுவிட்டார். தக்காளிகள் படி படியாகக் குதித்து அவளுக்கு முன்னால் இறங்கின.

பக்கத்து மனையில் கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த மணல் குவியல் மழையில் நனைந்து கிடந்தது. குண்டானை அதில் கவிழ்த்து, இரண்டு கையாலும் மணலை வாரி வாரி மேலே போட்டாள். மருமகன் அவளை இடுப்போடு பிடித்துப் பின்னால் இழுத்தான். அவர்கள் சாலையைக் கடந்து முடிக்கவில்லை, மணலுக்கு அடியில் முதல் செல் வெடித்தது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக. குண்டான் ஒருபக்கம் எம்பி விழுந்தது. சில செல்கள் நெருப்பு வாலோடு சீறிப் பாய்ந்து எதிர்ச் சுவரில் மோதின. தெருவில் போனவர்கள் நாலாபக்கமும் சிதறினார்கள். புகை அடங்கியபோது குண்டானின் அடிப்பாகம் உருகி ஓட்டை விழுந்திருந்தது.

அவள் அப்படியே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டாள். கணவர் பக்கத்தில் வந்து நின்றார். கத்தரிக்கோலை இன்னும் இறுகப் பிடித்திருந்தார். 

மறுநாள் காலை மருமகன் குச்சியால் மணலைக் கிளறி, கருகிய செல்களைப் பொறுக்கி ஒரு தகர டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தான். அவள் ஒன்றை எடுத்து, பழக்க தோஷத்தில் அடிப்பக்கத்தைத் திருப்பிக் கரியைத் துடைத்தாள். இரண்டு கீறல்.

இன்னொன்றைத் துடைத்தாள். இரண்டு கீறல். அவளுடைய கீறல்தான். இடது கைக்காரி என்பதால் அவள் கீறல்கள் எப்போதும் வலமிருந்து இடமாகச் சாய்ந்தே விழும்.

"என்ன அத்தை? முகமெல்லாம் வெளுத்துப் போச்சு."

"இதை எங்க வாங்கினீங்க?"

"பாலத்துக்கு அடியில ஒருத்தன் பேட்டரி கட்டி விக்கிறான். எங்க ஆளுங்க நிறையப் பேர் அவன்கிட்டதான் வாங்குறாங்க."

நிறையப் பேர். இத்தனை நாளும் கீறிப் போட்ட செல்களோடு தன் பயமும் டிரம்முக்குள் போய்விட்டதாக நினைத்திருந்தாள். அவை எங்கும் போகவில்லை. புது உறை மாட்டிக்கொண்டு, யார் யார் வீட்டுக் கதவுப் பக்கமோ சார்ஜில் கிடக்கின்றன.

நேரே முதலாளியிடம் போனாள். டப்பாவை மேசைமேல் வைத்தாள். அவர் ஒரு செல்லை எடுத்துப் பார்த்துவிட்டு எழுந்து கதவைச் சாத்தினார்.

"நான் உருக்குறதுக்குன்னு சொல்லித்தானே அந்த ஆளுகிட்ட ஏத்தி விட்டேன். அவன் இப்படிப் பண்ணுவான்னு கனவா கண்டேன்?"

"ஆலைக்குப் போச்சான்னு ஒரு தடவையாவது கேட்டீங்களா?"

அவர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "வெளியே தெரிஞ்சா பட்டறைக்குப் பூட்டுதான். விசாரணை வரும். கீறல் யாரோடதுன்னு கேப்பான். நீ வந்து நிக்கணும். யோசிச்சுக்கோ."

மிரட்டியிருந்தால்கூட அவள் எதிர்த்துப் பேசியிருப்பாள். அவர் குரலும் நடுங்கியதுதான் அவளை மடக்கிப்போட்டது. தன்னைப்போலவே பயந்துபோன ஒருவரோடு எப்படிச் சண்டை போடுவது? வாயை மூடிக்கொண்டு மேசைக்குத் திரும்பினாள்.

சில நாட்கள் அப்படியே போயின.  தெருவில் தீயணைப்பு வண்டியின் மணி கேட்டால் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு, அது எந்தப் பக்கம் போகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள். சிக்னலில் நிற்கும் ஸ்கூட்டர்களின் இருக்கைக்கு அடியில் நீலம் தெரிகிறதா என்று பார்ப்பாள். கூட்டத்தில் ஒருநாள் அப்படித் தெரிந்தும்விட்டது. இளம் பெண் ஒருத்தி ஓட்ட, முன்னால் ஒரு குழந்தை நின்றுகொண்டிருந்தது. அவள் "ஏம்மா!" என்று கையை நீட்டுவதற்குள் விளக்கு பச்சையாகிவிட்டது. வண்டி போய்விட்டது. அன்று வீட்டுக்கு வந்து பாத்திரம் துலக்கும் தொட்டியடியில் நின்று வாய்விட்டு அழுதாள்.

மருமகனைக் கூப்பிட்டாள். "உங்க ஆளுங்க எல்லாரும் போன்ல ஒரு குழுவா இருக்கீங்களே. அதுல ஒரு சேதி போட முடியுமா?"

"நீங்களே பேசுங்க அத்தை. உங்க குரல்ல கேட்டாதான் நம்புவாங்க."

"எனக்கு நடுங்குது மாப்பிள்ளை."

"நடுங்கட்டும். பரவாயில்ல."

நாலைந்து தடவை பாதியில் நின்று, கடைசியில் ஒரே மூச்சாகச் சொல்லி முடித்தாள். "நான் பட்டறையில செல் பார்க்குறவ. பாலத்தடியில நீல உறை போட்ட பேட்டரி வாங்கினவங்க தயவுசெஞ்சு அதைச் சார்ஜ் போடாதீங்க. உள்ள இருக்குற செல் ஆகாதுன்னு நான் தள்ளினது. அடியில ரெண்டு கீறல் இருக்கும், அது நான் போட்டது. ஆனா நீங்க அதைப் பிரிச்சுப் பார்க்க வேணாம். வீட்டுக்குள்ள வெக்காதீங்க. திறந்த வெளியில வெச்சிருந்து எங்க பட்டறைக்குக் கொண்டு வாங்க. என் வீட்டுப் பேட்டரியே வெடிச்சுது. பச்சைக் குழந்தை இருக்குற வீடு." மருமகன் பட்டறை முகவரியையும் அவள் போன் எண்ணையும் சேர்த்து அதோடு அனுப்பிவிட்டான்.

மறுநாள் பட்டறை வாசலில் முதலில் ஒருவன், பிறகு மூவர், அப்புறம் தெருவை அடைத்துக்கொண்டு ஸ்கூட்டர்கள். முதலாளி மேல்மாடி ஜன்னலிலிருந்து அவளை எரித்துவிடுவதுபோல் பார்த்தார். கீழே இறங்கி வந்து, "என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியே" என்று பல்லைக் கடித்தார். அதற்குள் உரிகாரர் பின்கட்டு முற்றத்தின் கேட்டைத் திறந்துவிட்டிருந்தார். "அண்ணே, மண்ணள்ளிப் போடத்தான் வேணும். இன்னும் ரெண்டு லோடு மணல் சொல்லுங்க" என்றார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை, ஆனால் போனை எடுத்து மணலுக்குச் சொன்னார்.

அவள் முற்றத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பேட்டரியாகக் கையில் வாங்கினாள். புறங்கையை வைத்தாள். முகர்ந்து பார்த்தாள். உரிகாரர் மடங்காத விரல்களோடு உறையைப் பிரித்துக்கொடுத்தார். ஏறக்குறைய எல்லாவற்றிலும் கீறல் இருந்தது. ஒன்று முற்றத்திலேயே சூடேறி மணலுக்குள் போன பிறகு புகைந்தது. அதைக் கொண்டுவந்தவன் குளியலறை வாசலில் வைத்து அதைத் தினமும் சார்ஜ் போட்டிருக்கிறான். புகையைப் பார்த்துக்கொண்டே தரையில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டான். அவள் போய் அவன் முதுகில் கை வைத்தாள்.

விசாரணை வந்தது. அவள் பயந்ததுபோல அவளை யாரும் சங்கிலி போட்டு இழுத்துப் போகவில்லை. இரண்டு அதிகாரிகள் வந்து, டிரம் யார் கைக்குப் போயிற்று என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். கீறலைக் காட்டச் சொன்னார்கள். அவள் ஆணியை இடது கையில் எடுத்து இரண்டு கீறல் போட்டுக் காட்டினாள். பாலத்தடிக்காரன் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடிவிட்டான்; பிறகு வேறொரு ஊரில் பிடித்தார்கள். பட்டறை பூட்டிக் கிடந்து, பிறகு திறந்தது. இப்போது தள்ளுபடிச் செல் எதுவும் உயிரோடு வெளியே போவதில்லை. ஒவ்வொன்றின் சார்ஜையும் அடியோடு வடித்து, ஆலையின் சொந்த வண்டி வரும்வரை முதலாளியே டிரம்முக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறார். அவளோடு அவர் முன்போலக் கலகலப்பாகப் பேசுவதில்லை. வேலையை விட்டுப் போகச் சொல்லவும் இல்லை.

பேச்சு அடங்கி வெகுநாள் கழித்து, தெரியாத எண்ணிலிருந்து ஒரு பெண் அழைத்தாள்.

"அக்கா, கீறல் போடுற அக்காதானே? உங்க பேச்சு இன்னிக்குத்தான் எனக்கு வந்துச்சு. என் கடையில ஒரு நீல பேட்டரி இருக்கு. கடை விளக்குக்குன்னு ஒரு தம்பி வித்துட்டுப் போனது."

"சார்ஜ்ல இருக்கா?" அவள் ஏற்கெனவே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"இல்லக்கா. கொஞ்ச நாள் முன்னாடியே அது நின்னுபோச்சு. கதவு காத்துல அடிச்சுக்காம இருக்க முட்டுக் கொடுத்து வெச்சிருக்கேன்."

"தொடாதே. வெளியே வந்து நில்லும்மா. நான் வர்ற வரைக்கும் உள்ளே போகாதே."

ஊரின் மறுகோடியில் ஒரு சின்னப் பெட்டிக்கடை. அந்தப் பெண் கல்லாவைக்கூட விட்டுவிட்டு நடைபாதையில் நின்றாள். இவள் உள்ளே போய்க் கதவடியில் கிடந்ததை முதலில் முகர்ந்தாள், பிறகு புறங்கையை வைத்தாள். ஜில்லென்றிருந்தது. அப்படியும் நம்பிக்கை வரவில்லை. மறுபடி வைத்துப் பார்த்தாள். பஸ்ஸில் எடுத்துப் போகிற சாமான் இல்லை. ஸ்கூட்டரில் மணல் டப்பாவோடு வரும்படி மருமகனுக்குப் போன் செய்தாள். ஒரு கல்லைத் தேடி எடுத்து வந்து கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, பேட்டரியைத் தெருவோரத்தில் தள்ளி வைத்தாள். இருவரும் எதிர்ப்பக்கத் திண்டில் போய் உட்கார்ந்தார்கள்.

"இதுதான் கடைசியாக்கா?"

"தெரியலம்மா" என்றாள். சாலையைக் கடந்து அதன் பக்கமாக ஒரு நாய் போகவே, எழுந்து கையைத் தட்டி அதை விரட்டினாள்.